காசிமேட்டு ஐஸும் கேதார்காந்தா பனியும்

எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது லீவு என்பதை மீன்தான் முடிவு செய்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகள் எல்லாம் காசிமேடு துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுவது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது, பெயின்ட் அடிப்பது என்று கரையிலும் வேலை இருக்கும்தான், ஆனாலும் என் மச்சானுக்குச் சேர்ந்தாற்போல் பத்துப் பன்னிரண்டு நாள் கிடைப்பது அப்போது மட்டும்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. படகு ஓட்டுகிறவன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நான் துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் பில் போடுகிறவன், வயது நாற்பத்து மூன்று, லேசாகத் தொப்பை. நாங்கள் இரண்டு பேரும் பனிமலை ஏறப் போகிறோம் என்று சொன்னதும் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஏறப் போனது கேதார்காந்தா. உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டம், உயரம் 12,500 அடி, அதாவது 3,800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் அங்கே கூட்டம் அம்மும். ஏப்ரல் கடைசியில் போனால் கீழே வசந்தம், மேலே பனி. காட்டில் புரான்ஷ் மரம் ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும், அதே பாதையில் மூன்று மணி நேரம் மேலே போனால் முழங்கால் வரை பனி இருக்கும். சில வருடம் பனி குறைவாகவும் இருக்கும், அது அந்தந்த வருடக் குளிர்காலத்தைப் பொறுத்தது. எங்களுக்கு அந்த மார்ச் கடைசியில் நல்லபடி கொட்டியிருந்தது.

வசந்தகாலப் பனி சுலபம் என்று நினைத்துத்தான் போனோம். அது சுலபமில்லை, அதற்கென்று தனிக் குணம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பயிற்சி. ராயபுரத்தில் எங்கே மலை இருக்கிறது? மேடு என்று பெயர் வைத்த இடமெல்லாம்கூட கடல் மட்டத்துக்கு நாலு ஆள் உயரம் தாண்டாது. இரண்டரை மாதம் தினமும் காலையில் எங்கள் குடியிருப்பின் எட்டு மாடிப் படிக்கட்டில் முதுகில் பத்து கிலோ அரிசி மூட்டையோடு ஏறி இறங்கினேன், முதலில் மூன்று தடவை, கடைசி வாரங்களில் பன்னிரண்டு தடவை. ஒருநாள் ஆசைக்குத் திருவொற்றியூர் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்கினேன், நாலாவது தடவை செக்யூரிட்டி அண்ணன் வந்து "சார், யாரையாவது தேடறீங்களா" என்று கேட்டார். வீட்டுப் படிக்கட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் உண்மையில் அதிகம் உதவியது படிக்கட்டு இல்லை, தூண்டில் வளைவுக் கற்கள். கடல் அரிப்புக்காக எங்கள் கரையோரம் கொட்டி வைத்திருக்கிற பெரிய பெரிய பாறாங்கற்கள் இருக்கிறதே, அதன் மேல் குச்சி ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் எங்கே வைப்பது என்று கண் முன்கூட்டியே பார்க்கப் பழகிவிடும், கணுக்கால் பலப்படும். மச்சான் அதில் செருப்போடு ஓடுவான், எனக்கு வயிறு கலங்கும். அலை அடிக்கிற, பாசி பிடித்த கல் பக்கம் மட்டும் போகாதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் மலைக்கும் போய் வந்தோம், ஆந்திர எல்லையைத் தாண்டினால் உடனே வருவது, வடசென்னைக்காரனுக்குப் பக்கத்து மலை என்றால் அதுதான்.

இவ்வளவும் செய்தால் காலும் மூச்சும் தேறும். உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு விஷயம், அது படிக்கட்டில் வராது, மலையிலேயே நாள் போட்டுத்தான் வரும். இதை நான் எல்லாரையும் போல படித்திருந்தேன், நம்பவில்லை.

துணி வாங்க பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. ஏப்ரல் வெயிலில் தெர்மல் இருக்கா, ஃபிளீஸ் இருக்கா என்று கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய், போன வருடம் மிஞ்சியதைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒரு லாபம், விலையைப் பாதிக்குப் பேச முடிந்தது. பாலியஸ்டர் உள்ளாடை இரண்டு செட், ஃபிளீஸ் ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. பருத்தி பனியனைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பனியனுக்கும் பனிக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. ஏறும்போது வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்ற இரண்டாவது நிமிடத்தில் முதுகில் யாரோ ஈரச் சாக்கைப் போர்த்தியது போல் இருக்கும். மச்சான் முதல் நாள் பனியனோடுதான் நடந்தான், சாயங்காலம் அதைக் கழற்றி அடுப்புத் துணியாகக் கொடுத்துவிட்டான்.

அவன் கொண்டுவந்ததில் ஒன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. படகில் ஐஸ் அள்ளும்போது போடுகிற ரப்பர் கிளவுஸ், பெரிய சைஸில் இரண்டு ஜோடி. உள்ளே கம்பளிக் கிளவுஸ், வெளியே அந்த ரப்பர். பனியில் கையூன்றி விழுந்து எழுந்தாலும் ஈரம் உள்ளே போகவில்லை. உள்ளே வேர்க்கிறது, அவ்வப்போது கழற்றிக் காயவிட வேண்டும், அவ்வளவுதான் குறை. நான் காசு கொடுத்து வாங்கிய 'வாட்டர்புரூஃப்' கிளவுஸ் ஒரு மணி நேரத்தில் நனைந்து போனது.

சென்ட்ரலில் ராத்திரி பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரி கழித்து விடியும்போது டெல்லி. நாக்பூர் தாண்டியதும், வேறு வேலை இல்லாததால், ஒரு பேச்சு வந்தது. இந்தப் பயணத்திலேயே உருப்படியான காரியம் அந்தப் பேச்சுதான் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அப்போது வெட்டிப் பேச்சாகத்தான் ஆரம்பித்தது. மேலே போய் ஒருத்தன் போகலாம் என்றும் இன்னொருத்தன் வேண்டாம் என்றும் சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்று கேட்டேன்.

"கடல்ல அந்தப் பிரச்சனையே கெடையாது மாமா. வண்டி ஓட்றவன் திரும்புன்னா திரும்பணும். மறுபேச்சே கெடையாது. கரைக்கு வந்தப்பறம் எவ்ளோ வேணா சண்ட போடலாம்."

"மலையில யாருடா வண்டி ஓட்றவன்? ரெண்டு பேரும்தானே நடக்கிறோம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ ரெண்டு பேருமே ஓட்றவன்தான். எவன் திரும்பலாம்னாலும் திரும்பணும். ஏன்னு கேக்கக்கூடாது."

சரி என்றேன். அதோடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டோம். உச்சி நாளில் காலை எட்டு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்புவது. தலைவலி, வாந்தி, மயக்கம் எது வந்தாலும் மறைக்காமல் சொல்வது. மூன்றாவதை மீறியவன் நான்தான்.

டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், விடியற்காலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸில் மசூரி, நௌகாவ், புரோலா, மோரி வழியாகப் போனால் பொழுது முழுக்க அதிலேயே போய்விடும். வளைவு வளைவாக வாந்தி வரும் பாதை. அலையில் வாந்தியே எடுக்காத மச்சான் புரோலா தாண்டிப் பஸ்ஸின் ஜன்னலில் தலையை விட்டான், அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வந்த குமட்டல் நின்றுபோனது. சாங்க்ரி மலையடிவார கிராமம், 6,400 அடி. அந்தப் பகுதி கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது, வனத்துறைக்குக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகவும், சமையலுக்கு ஒரு பையனையும் பிடித்தோம். வழிகாட்டி அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. என் இந்தி அதைவிடக் குறைவு.

அங்கேயே ஒரு கடையில் பூட்ஸ், மைக்ரோ ஸ்பைக், கெய்ட்டர், குச்சி எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். மைக்ரோ ஸ்பைக் என்பது ஷூவுக்கு அடியில் மாட்டும் ரப்பரும் சங்கிலியும் பல்லும், கெய்ட்டர் என்பது ஷூவுக்குள் பனி போகாமல் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மாட்டும் உறை. நான் போட்டுப் பார்க்காமல் பையில் வைத்துவிட்டேன். இதன் தண்டனையை மூன்றாவது நாள் ராத்திரி அனுபவித்தேன். வாடகைப் பொருளை கடை வாசலிலேயே உட்கார்ந்து, கிளவுஸ் போட்ட கையாலேயே மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வெறும் கையால் மூடுகிற ஜிப் இருட்டில் தடித்த கிளவுஸோடு மூடாது.

முதல் நாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை வரை, 9,100 அடி. கீழே பைன், மேப்பிள், ஓக் மரங்கள், நடுநடுவே புரான்ஷ். கீழே விழுந்து கிடக்கிற பூவை அந்தப் பையன் பொறுக்கி மென்றுகொண்டே வந்தான், நானும் ஒன்று போட்டேன், புளிச்சக்கீரை போல லேசாகப் புளிக்கிறது. பாதை முழுக்க உருகிய தண்ணீரும் சேறும். ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் மர நிழலில் முதல் பனியைப் பார்த்தோம். நான் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருக்க, மச்சான் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தான். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

"இது புதுசு இல்ல மாமா. உருகி உருகிக் கட்னது. பெட்டியில ஒரு நாள் கெடந்த ஐஸு இப்டித்தான் இருக்கும், மணி மணியா. காலையில பார கொண்டு இடிக்கணும், மத்தியானம் கையால அள்ளலாம்."

வழிகாட்டிக்கு இதை என் இந்தியில் எப்படியோ சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார், மச்சானின் முதுகில் தட்டினார்.

வசந்தகாலப் பனியின் குணம் அவ்வளவுதான், அதை அவன் சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. பகலில் வெயிலில் மேல்பக்கம் உருகும், ராத்திரி மறுபடி உறையும், திரும்பத் திரும்ப இப்படி நடந்து பனித்தூள் கல் உப்பு போல உருண்டையாகிவிடும். விடியும் முன் அது சிமென்ட் தரை, ஸ்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், நடக்க அதைவிடச் சுகம் கிடையாது, ஆனால் ஸ்பைக் இல்லாவிட்டால் கண்ணாடி மேல் நடப்பது போல, சரிந்தால் நிற்கவே நிற்காது. எட்டு, ஒன்பது மணிக்கு மேல் மெத்தென்று இறங்கும். பதினோரு மணிக்கு ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை, சில இடத்தில் தொடை வரை புதையும், ஒரு மணி நேரப் பாதை மூன்று மணி நேரம் ஆகும். செங்குத்தான சரிவில் அந்த ஈரப் பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியவும் செய்யும். ஓடைமேல் பாலம் போல் நிற்கிற பனியும் அடியில் உருகி மெலிந்திருக்கும், காலையில் ஆளைத் தாங்கியது மத்தியானம் தாங்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு மலையில் ஏப்ரலில் மத்தியானம் ஆனால் மேகம் ஏறிவிடும், இடியோடு ஆலங்கட்டி கொட்டும். ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போவது இதற்காகத்தான். சூரியோதயம் பார்ப்பதற்கு என்று சொல்கிறார்கள், அது கூடக் கிடைப்பது.

இரண்டாம் நாள் பேஸ் கேம்ப், 11,250 அடி. நடை ஐந்து மணி நேரம்கூட இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள், முதல் நாள் தூங்கிய இடத்தைவிட 650 மீட்டர் உயரத்தில் தூங்குகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மலையேற்ற மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற அளவு. வாழ்நாள் முழுக்கக் கடல் மட்டத்தில் மூச்சு விட்டவனுக்கு இது சும்மா இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே கணக்குதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்குப் பின்மண்டையில் ஆரம்பித்தது. பெரிய வலி இல்லை, தொப்பி இறுக்குவது போல. சோறு இறங்கவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, அரைவேக்காட்டுப் பருப்பின்மேல் பழியைப் போட்டேன். மச்சான் கேட்டான், "தல வலிக்குதா மாமா?" இல்லடா, குளிர்தான் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, ஆபீசில் எல்லாரிடமும் சொல்லி, நாளைக் காலை உச்சி என்கிற நேரத்தில் தலைவலி என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியது. என் கெய்ட்டர் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் மச்சான் நைலான் கயிற்றால் வலை கட்டுவது போல் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டான். கிளம்பும்போது நாலு மணி.

அந்த ராத்திரி நடை எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை, அதுவே ஒரு அறிகுறி. பனி இறுகிக் கிடந்தது, ஸ்பைக் நறுக் நறுக்கென்று கடித்தது, முன்னால் வழிகாட்டி, நடுவில் நான், பின்னால் மச்சான். நாற்பது அடி வைத்தால் நிற்க வேண்டும், அப்புறம் இருபது, அப்புறம் பத்து. வானம் வெளுத்தது. இடது பக்கம் பெரிய பெரிய மலைகள் தெரிய ஆரம்பித்தன, எனக்குப் பார்க்கவே தோன்றவில்லை. கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்குக் கீழே, உச்சிக்கு நூற்றைம்பது மீட்டர் உயரம் பாக்கி என்று வழிகாட்டி கையால் காட்டியபோது மணி ஏழு இருபது.

"மாமா, ஒரு நிமிஷம் நில்லு. பீச்லேருந்து எண்ணூர் வரைக்கும் ஸ்டேஷன் சொல்லு."

"என்னடா விளையாடுற."

"சொல்லு."

இருபது வருடமாக அந்த லைனில் போய் வருகிறவன் நான். கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், என்று சொல்லிவிட்டு நின்றேன். விம்கோ நகர் வந்தது, அப்புறம் மறுபடி தண்டையார்பேட்டை என்றேன். கொருக்குப்பேட்டை போச்சு, வ.உ.சி. நகர் போச்சு, கத்திவாக்கம் போச்சு. சொல்லும்போது நாக்கு ஒரு பக்கம் இழுத்தது போல் இருந்ததாக அவன் அப்புறம் சொன்னான், எனக்கு நன்றாகத்தான் பேசினேன் என்று ஞாபகம்.

"திரும்பலாம்," என்றான்.

நான் கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டேன். ஏன், இன்னும் எட்டு ஆகலையே, அரை மணி நேரம்தானே. அவன் பதிலே சொல்லவில்லை. என் பையைக் கழற்றித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டான், வழிகாட்டியிடம் கையால் கீழே என்று காட்டினான், அவர் ஏற்கெனவே திரும்பி நின்றிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மலை நோய் வந்தவன் வாதாடுவான், எரிச்சல்படுவான், எனக்கு ஒன்றுமில்லை என்பான், அதுவும் அந்த நோயில் சேர்த்திதான் என்று இப்போது தெரிகிறது. அவனுடைய தலையை அவனே பரிசோதிக்க முடியாது என்பதால்தான் கூட ஒரு ஆள். அந்த ஆள் உங்களை நன்றாகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், நீங்கள் தூங்கி எழுந்தாலும் தப்பில்லாமல் சொல்லக்கூடியது எது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள், சிலருக்கு ஏழாம் வாய்ப்பாடு. நடையையும் பார்க்கலாம், ஒரு குதிகாலை இன்னொரு கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவனுக்கு விஷயம் முற்றுகிறது என்று அர்த்தம். அப்புறம் யோசனையே கூடாது, கீழே இறக்க வேண்டும், ராத்திரியானாலும்.

தலைவலி மட்டும் என்றால் அதே உயரத்தில் தங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, சரியான பிறகு மட்டும் மேலே போகலாம். குழப்பம், தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. மலை நோய்க்குக் கொடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் போகும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை, பக்கத்துக் கூடாரத்தில் யாராவது கொடுப்பார்கள் என்று இருந்தேன், சல்ஃபா அலர்ஜி இருக்கிறவர்கள் போன்ற சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

பேஸ் கேம்பில் நிற்காமல் ஜூடா கா தாலாப் வரை இறக்கிவிட்டார்கள். ஏரி கண்ணில் படும்போதே தலை லேசாகிவிட்டது, மத்தியானம் அதே அரைவேக்காட்டுப் பருப்பை மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன், வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயோடு. ஊறுகாய், பருப்புப் பொடி, கடலை மிட்டாய் மூன்றும் கட்டாயம் எடுத்துப் போங்கள், நாக்கு செத்துப்போகிற இடத்தில் காரமும் புளிப்பும்தான் சோற்றை இறக்கும். மச்சான் நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்திருந்தான், சமையல் பையன் அந்தப் பொட்டலத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டான், கரடி வரும் என்று சொன்னான். நாற்றம் தாங்காமல் சொன்னானா நிஜமாகவே சொன்னானா தெரியாது, கரடி உள்ள காடுதான்.

ராத்திரி கூடாரத்தில் சண்டை போட்டோம். கரைக்கு வந்தாகிவிட்டதே. நான், அவ்வளவு தூரம் வந்துவிட்டு என்றேன். அவன் திருப்பி, தலைவலிக்கலன்னு பொய் சொன்னதுக்கு உன்ன என்ன பண்றது, அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவனே சொன்னான், ஒரு வருடம் வாடைக்காற்று காலத்தில் வலை நிறைய மீன் இருக்க, காற்று மாறியதைப் பார்த்துக்கொண்டே இன்னும் பத்து நிமிடம் என்று நின்றானாம், வலையை அறுத்துவிட்டுத்தான் திரும்ப முடிந்ததாம். இதை வீட்டில் யாரிடமும் அவன் சொன்னதில்லை.

டிக்கெட் போடும்போதே இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தோம், அதுதான் காப்பாற்றியது. ஐந்து நாளில் ஏறி இறங்க வேண்டும் என்று கச்சிதமாகத் திட்டம் போட்டிருந்தால் அன்றைக்கு உச்சிக்கு இழுத்திருப்பேன், அல்லது அழுதுகொண்டே வீடு திரும்பியிருப்பேன். மறுநாள் சாவகாசமாக மறுபடி பேஸ் கேம்ப். தண்ணீர் நாலு லிட்டர் குடித்தேன், அங்கே காற்று வறண்டது என்பதால் சென்னை போல் வேர்வை வழிந்து காட்டாது, காய்ந்துவிடும், தாகமே தெரியாமல் உடம்பு வற்றும். இந்தத் தடவை தலைவலி இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கெய்ட்டரை ராத்திரியே மாட்டிக்கொண்டு தூங்கினேன். போனும் பவர் பேங்கும் தூங்கும் பைக்குள், குளிரில் பேட்டரி பாதி நேரம்கூட தாங்காது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தோம், உறைவது மேலிருந்து என்பதால் காலையில் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். இரண்டே முக்காலுக்குக் கிளம்பி ஆறே காலுக்கு உச்சி. சின்னக் கற்குவியலும் சூலமும் மணியும். கிழக்கே சுவர்க்கரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் எல்லாம் 6,000 மீட்டருக்கு மேற்பட்டவை, வரிசையாக வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றன. இருபது நிமிடம் இருந்தோம். மச்சான் ஒன்றும் பேசவில்லை, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் இரண்டு தடவை பார்த்தான்.

இறங்கும்போதுதான் அவன் முறை. ஏழரை மணிக்குச் சரிவு இளக ஆரம்பித்தது, குதிகாலை ஓங்கிக் குத்தி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் நேராக நின்று இறங்க வழிகாட்டி சொல்லித்தந்தார், பயந்து பின்னால் சாய்ந்தால்தான் கால் வழுக்கிக்கொண்டு போகும். மச்சானுக்கு அது பிடித்துப்போய்க் குதித்துக் குதித்து இறங்கினான், ஒரு கரும்பாறை பக்கத்தில் சத்தமில்லாமல் தொடை வரை உள்ளே போய்விட்டான். வெயிலில் பாறை சூடாவதால் அதை ஒட்டிய பனி அடியில் கரைந்து பொள்ளலாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மரத்தடியிலும் அப்படித்தான். பாறையையும் மரத்தையும் விட்டு இரண்டு ஆள் தள்ளியே போக வேண்டும். அவன் காலை இழுக்க இழுக்க ஷூ உள்ளே மாட்டியது. இழுக்காதே என்று வழிகாட்டி கத்தினார், கிட்டே போய்ப் படுக்கச் சொன்னார், அவனும் பக்கவாட்டில் படுத்து எடையைப் பரப்பிக்கொள்ள, நாங்கள் இரண்டு பேரும் கையால் சுற்றிலும் தோண்டிக் காலை விடுவித்தோம். கால் முறியாமல் வந்தது அதிர்ஷ்டம். ஐஸைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று ரயிலில் சொன்னாயே என்று கேட்க நினைத்தேன், முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிடம்கூடக் கழற்றக்கூடாது. உயரம் 1,000 மீட்டர் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, போதாக்குறைக்குப் புதுப் பனி 80 சதவீதம் வரை அதைத் திருப்பி அடிக்கிறது. வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுகிறோம். நான் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் சன் ஸ்கிரீன் பூசினேன், மூக்குத் துவாரத்துக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் விட்டுவிட்டேன், அங்கே தோல் உரிந்து ஒரு வாரம் தும்ம முடியவில்லை.

ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் இரண்டு பேர் முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடலுக்குப் போறவன் கறுத்து வருவான், பனிக்குப் போனவனும் கறுத்தா வருவான்? எங்கடா போனீங்க நிஜமா?" என் மனைவிக்கு ஸ்டேஷன் கதை முழுசும் மச்சான் சொல்லிவிட்டான், தலைவலிப் பொய்யையும் சேர்த்து. அவன் தொடை வரை புதைந்ததை நான் சொன்னேன்.

ஜூன் 15 அன்று அவன் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான். அடுத்த தடைக்காலத்துக்கு மணாலி பக்கம் ஃபிரெண்ட்ஷிப் பீக் என்று ஒன்று இருக்கிறது, 5,289 மீட்டர், அதற்குக் கயிறு, பூட்ஸில் மாட்டும் பெரிய இரும்புப் பல்லான கிராம்பான், ஐஸ் கோடாரி எல்லாம் வேண்டும், முதலில் அதற்கென்று பயிற்சி எடுக்க வேண்டும் என்று அங்கிருந்தே போனில் சொல்லிக்கொண்டிருந்தான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.